இன்னொரு கால் சுற்று

என் அண்ணிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கோள் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம்தான். பூட்டுக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. மேஜைக்கு வரும் ஒவ்வொரு பூட்டையும் எடுத்துச் சாவி போட்டுத் திருகி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, "இது ஏமாத்தும்" என்று பட்டால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அங்கே அவருக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர். அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் தேவலை. வீட்டுக்கும் அல்லவா கொண்டு வருவார்! பால் பாக்கெட்டைத் தூக்கி எடை பார்ப்பார். யாராவது சிரித்துக்கொண்டே வந்தால், "என்ன வேணுமாம்?" என்று என் காதில் கேட்பார்.

மரியாதைக்காக 'வந்தார், போனார்' என்று எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற அந்த ஐந்து நாளும் மனசுக்குள் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும்.

என் அண்ணன் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சைக்கிளை நிறுத்த வேண்டும், இறங்க வேண்டும், குனிய வேண்டும், மறுபடி ஏற வேண்டும். உயரமான பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டுப் போட்டு அவனுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. அவனுக்குத் தோதான புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அண்ணி, கடைக்காரனை அரை மணி நேரம் திட்டினார். மறுநாள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பார் தாழ்ந்த ஒரு ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பின் சக்கரம் ஒரு சைக்கிளுடையது, முன் சக்கரம் இன்னொன்றுடையது. மேட்டில் மிதிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பின்னால் பெரிய பல் சக்கரம். ஹேண்டில்பாரை மேல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டை வளைத்து முன்னால் கூடை ஆக்கினார். மூட்டை ஏற்றுகிற சைக்கிளிலிருந்து கழற்றிய இரட்டை ஸ்டாண்டு. காலால் ஒரு தட்டு தட்டினால் கல்லு மாதிரி நிற்கும். அண்ணன் முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு" என்றான். அண்ணியோ, "நாளைக்கும் அப்படியே சொல்றீங்களா பார்ப்போம்" என்றார்.

பிறகு தெருவில் ஒருவர் பார்த்து ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் குட்டை டீச்சருக்குத் தரையில் கால் எட்டுகிற மாதிரி ஒன்று. ஆஸ்பத்திரி நர்சுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி ஒன்று. வெள்ளைச் சீருடை செயினில் மாட்டாமலிருக்க, உடைந்த பிளாஸ்டிக் வாளியை அறுத்து அதற்கு மூடி. இப்படி மொத்தம் பதினேழு. எல்லாம் எங்கள் வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழே, தெருக்கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவிலுள்ள நடையில் பிறந்தவை. ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து நூலால் காலை அளப்பார். அதற்கு முன் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரணை நடக்கும். "என்ன தூக்கிட்டுப் போவீங்க? பின்னாடி யாரை ஏத்துவீங்க? யாரையும் ஏத்த மாட்டேன்னு பொய் சொல்லக் கூடாது."

இரும்புக் கடைக்காரர் அண்ணியைக் கண்டாலே கும்பிடு போடுவார். கையில் ஒரு காந்தம் இருக்கும். ஃப்ரேமின் ஒவ்வொரு குழாயிலும் அதைத் தேய்த்துக்கொண்டே வருவார். ஓரிடத்தில் ஒட்டாமல் நழுவினால் தீர்ந்தது. "மக்கு வச்சு ஓட்டையை மூடிப் பெயின்ட் அடிச்சிருக்கீங்க." பிறகு ஸ்பேனரால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். வீட்டில் நட்டு போல்ட்டு போட்டுவைக்க இரண்டு பாட்டில்கள் இருந்தன. 'நம்பலாம்' என்று எழுதியதில் நாலே நாலு நட்டு. 'பார்க்கணும்' என்று எழுதியது வாய்வரை நிரம்பி வழியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினேழு சைக்கிளும் வந்து நிற்கும். அது அண்ணி போட்ட சட்டம். வாரம் ஒரு தடவை அவர் கை படாமல் எந்தச் சைக்கிளும் ஓடக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கட்டும், இன்னொரு கால் சுற்று" என்பார். பிரேக்குக்கு மட்டும் இரண்டு தடவை.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அண்ணன் வீட்டில்தான் இருந்தேன், ஆறு வருடமாக. மாலை நேரங்களில் வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுக்கலாம் என்று, நடையில் ஒரு மேஜை போட இடம் கேட்டேன். தப்பா? ஒரு மேஜை! அண்ணி, "அங்க உனக்கு இடம் குடுத்தா, அடுத்த மாசம் கதவையே அடைச்சுக்குவ" என்றார். எனக்கு மூக்கு மேல் கோபம். "ஒரு நாள் இந்தக் காயலான் சாமான் எல்லாத்தையும் தெருவுல தூக்கிப் போடறேனா இல்லையா பாருங்க!" என்று கத்தினேன். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். இது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் விழுந்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். பிடி அப்படியே ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டதாம். பயத்தில் பின் பிரேக்கை அழுத்த, சக்கரம் ஜல்லியில் வழுக்கி, ஆள் ஒரு பக்கம் சைக்கிள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தலைக்கு வந்தது கையோடு போயிற்று என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

அண்ணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பிரேக் வயரை உருவிக் கட்டிலருகே கொண்டுவந்தார். சக்கரத்துக்கு மேலே ஒரு சின்ன நட்டு அந்த வயரைப் பிடித்திருக்கும். அந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. முனையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயர் பழசாகித் தானா அறுந்தா, நுனி துடைப்பம் மாதிரி விரிஞ்சு நிக்கும். இதைப் பாருங்க. தட்டையா இருக்கு. பிளேயர் வச்சு நறுக்கின மாதிரி" என்றார்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் என் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் புத்தகங்களுக்குச் சுருள் கம்பி போட்டு, மிச்சத்தை வெட்டுவது என் வேலை. கட்டிங் பிளேயர் எப்போதும் பையில்தான் கிடக்கும். அண்ணி போய்ப் பையைக் கவிழ்த்தார். டிபன் டப்பா விழுந்தது, பேனா விழுந்தது, பிளேயரும் விழுந்தது.

"அண்ணி, அது கடைச் சாமான்!"

"நான் எதாவது சொன்னேனா?" என்றார். "நீயே ஏன் பதறுற?"

அடப் பாவமே! பதறாமல் என்ன செய்வது? அண்ணனைப் பார்த்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவன். 'சேச்சே, அவனையா சொல்ற' என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் சரியாக வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே டீச்சர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நடந்தார். மாடியில் குடியிருக்கும் பென்ஷன்காரர் தன் செருப்பை உள்ளே எடுத்து வைத்தார். நான் செருப்பையும் நறுக்கிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ! வியாழக்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஒண்ணாம் தேதிக்குள்ள வேற இடம் பாத்துக்கடா. கொஞ்ச நாளைக்குத்தான். அவ மனசு ஆறட்டும்."

"நான் செஞ்சேன்னு நீயும் நினைக்கிறியாண்ணா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டை விட்டுப் போவது பெரிய விஷயமில்லை. ஊரில் அறையா இல்லை? ஆனால் அண்ணன் கையை உடைத்தவன் என்ற பெயரோடு போவதா? நான் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் செய்தது யார்? அண்ணியின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. பென்ஷன்காரர் ஒரு தடவை இருட்டில் ஃப்ரேம் தடுக்கி விழுந்தவர், அவராக இருக்குமோ? இரும்புக் கடைக்காரர் காந்தத்துக்குப் பழி வாங்கினாரோ? கடைசியில் யோசனை எங்கே போய் நின்றது தெரியுமா? அண்ணியிடமே. என்னை வெளியே அனுப்ப அவரே வயரை வெட்டிவிட்டு என் தலையில் போடுகிறாரோ? ஆற அமர யோசித்தால் பைத்தியக்காரத்தனம். தன் புருஷன் உயிரோடு யாராவது விளையாடுவார்களா? ஆனால் அந்த நாட்களில் நான் எங்கே ஆற அமர யோசித்தேன்? அவர் தேநீர் வைத்துக் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

சனிக்கிழமை கடையில் மின்சாரம் போய்விட்டது. மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி இன்னும் கம்பெனியிலிருந்து திரும்பவில்லை. நடையில் டீச்சருடைய சைக்கிள் பஞ்சருக்காக நின்றிருந்தது. அண்ணனுக்குப் போட்ட அதே கம்பிச் சுருளிலிருந்து வெட்டிய வயர்தான் டீச்சருக்கும். எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. வயரே மட்டமான வயராக இருந்தால்? விலை மலிவு என்று எதையாவது வாங்கிப் போட்டுவிட்டு, பழி மட்டும் எனக்கா? பிரித்துப் பார்த்துவிடுவது என்று அண்ணியின் ஸ்பேனரை எடுத்தேன்.

அந்தச் சின்ன நட்டு அசையவே மாட்டேன் என்றது. ஸ்பேனர் இரண்டு தடவை நழுவி விரல் முட்டி சிராய்ந்தது. இவ்வளவு முடுக்கவா? மூன்றாவது தடவை 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. நட்டு கையோடு வந்தது. வயரை மெதுவாக வெளியே இழுத்தேன்.

"வாடா ராசா."

அண்ணி. கம்பெனிக் கோட்டோடு தெருக்கதவில் நின்றிருந்தார். என் ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் டீச்சரின் பிரேக் வயர். கையும் களவுமாக என்றால் இதுதான்.

"அண்ணன் கையை ஒடைச்சது பத்தலையா? இப்ப டீச்சரா? என்னங்க, எழுந்து வாங்க! வந்து உங்க தம்பியைப் பாருங்க!"

உள்ளே கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. அண்ணன் வரவில்லை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ! "கத்தறதை நிறுத்திட்டு இதைப் பாருங்க அண்ணி! வெட்டினேன்னா சொல்றீங்க? இந்தாங்க, இழையை எண்ணுங்க! நீங்கதான எல்லாத்தையும் எண்ணுவீங்க?"

வயரின் முனையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். நட்டுக்கு அடியிலிருந்த இடம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அண்ணன் வயரில் பார்த்த அதே தட்டை. இழைகள் பல அங்கேயே அறுந்து, மற்றவற்றோடு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன.

அண்ணி வாங்கினார். முதலில் என் பிளேயர் எங்கே என்று தரையில் தேடினார். சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் விடுமா? பிளேயர் அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தது, அவர்தான் பூட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். குண்டூசியால் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"பத்தொன்பது இருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழுதான் முழுசா இருக்கு" என்றார்.

எழுந்து தன்னுடைய சொந்தச் சைக்கிளின் நட்டைக் கழற்றினார். அவருக்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதில் ஐந்து. தினமும் அதில்தான் கம்பெனிக்குப் போய் வருகிறார்.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. நட்டைத் திருப்பி உட்பக்கத்தை விரலால் தடவினார். வயர் அழுந்திப் பள்ளமே விழுந்திருந்தது. வாரா வாரம், பிரேக்குக்கு இரண்டு தடவை, இறுக்கமாக இருந்த நட்டை மேலும் மேலும். புது வயரைப் போட்ட நாளோடு விட்டிருந்தால் வருடக்கணக்கில் உழைத்திருக்கும். நம்பாமல் நம்பாமல் முடுக்கியே அதை நறுக்கியிருக்கிறார்.

"பிளேயர் இல்ல, என் ஸ்பேனர்தான்" என்றார்.

நான் நியாயம் கேட்கத் தயாராக நின்றேன். நாலு நாளாக மனசில் சேர்த்து வைத்திருந்த வசனங்கள் வரிசையாக இருந்தன. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"நர்சுக்கு நாலு மணிக்கு டூட்டி முடியும். அந்தச் சரிவுலதான் இறங்குவா."

ஃபோன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மணி நாலடிக்கப் பத்து நிமிடம். வீட்டில் பிரேக்கை நம்பி ஏறக்கூடிய சைக்கிள் ஒன்றுகூட இல்லை. அண்ணி அப்படியே தெருவில் இறங்கி ஓடினார், கம்பெனிக் கோட்டோடு, ஸ்பேனரோடு. நானும் பின்னால் ஓடினேன். பார்த்தவர்கள் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் நர்ஸ் பையைக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் டூட்டி முடிந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அண்ணி போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைத்தது.

"இதுல ஏறாதீங்க. பிரேக் அறுந்துடும்."

நர்ஸ் பார்வை அண்ணியைத் தாண்டி என் மேல் விழுந்தது. பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். "ஐயோ அக்கா, இதையும் உங்க கொழுந்தன் வெட்டிட்டாரா?"

ஆக, இங்கே வரை செய்தி வந்திருக்கிறது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அண்ணி நினைத்திருந்தால், 'அப்புறம் சொல்றேன்' என்று மழுப்பியிருக்கலாம். அவர் கை பட்ட சைக்கிள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று பெயர் வாங்கியவர். நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் அடுத்த சைக்கிளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அவன் வெட்டல" என்றார், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "நான்தான் வெட்டினேன். வாரா வாரம் உங்க கண் முன்னாடியே, இந்த ஸ்பேனரால. என் வீட்டுக்காரர் விழுந்ததும் என்னாலதான். இவன் மேல நான் அபாண்டமா பழி போட்டுட்டேன்."

அண்ணி அங்கேயே மண்டியிட்டு நர்சின் பிரேக் நட்டைக் கழற்றி வயரை உருவினார். எத்தனை இழை மிச்சம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மற்ற வீடுகளுக்கெல்லாம் இருட்டுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அதே வாக்கியத்தைச் சொன்னார். மூன்றாவது வீட்டில் நான், "போதும் அண்ணி, பிரேக்கைப் பத்தி மட்டும் சொல்லுங்க, என்னைப் பத்தி விடுங்க" என்றேன். "நீ சும்மா இருடா" என்று ஒரு அதட்டல். அந்த அதட்டல் எனக்கு அன்றைக்கு வெல்லம் மாதிரி இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து கேட்டான். முகம் மலர்ந்தது. நல்ல கையால் என் முதுகில் தட்டினான்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. நீ செஞ்சிருக்க மாட்டேன்னு என் மனசு சொல்லுச்சு. நீ எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி திரும்பினார்.

"தெரியுமா?" என்றார். "நான் யாரைத்தான் சந்தேகப்படல? பால்காரரைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைச் சந்தேகப்பட்டேன், கல்யாணத்தன்னைக்கு உங்களையே சந்தேகப்பட்டேன். அது என் புத்தி, ஊருக்கே தெரியும். ஆறு வருஷம் கூடவே இருந்தவனை, நான் சொன்னேன்னு வெளிய போகச் சொன்னீங்களே, நீங்க எதுக்கு நம்பினீங்க?"

அண்ணன் தலையணையை இழுத்து, கட்டுப் போட்ட கையை அதன் மேல் சரியாக வைத்துக்கொண்டான்.

ஒன்றாம் தேதி நான் வேறு அறைக்குப் போனேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லாத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமான் ஏற்றிக்கொண்டு போக அண்ணி எனக்கென்று பதினெட்டாவதாக ஒரு சைக்கிள் கட்டியிருந்தார். எல்லாம் பூட்டி முடித்தவர், புது பிரேக் வயரை மட்டும் சும்மா தொங்க விட்டிருந்தார். ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "நீ முடுக்கு" என்றார்.

முடுக்கினேன். போதுமா என்று அவரைப் பார்த்தேன். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "நீ போதும்னா போதும்" என்றார்.